பியானோவில் கையும் பாணியும்: ஓல்டனிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு



இது நீண்ட பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க இயலாதோர் இரண்டு ரயில் பயணங்களில் வாசித்து முடிக்கலாம். ஓல்டனில் வாழ்வோருக்கு ரயில் பயணத்துக்குக் குறைவில்லை அல்லவா?

கடந்த மாதம் தமிழ்த் திருப்பலி நிறைவுற்ற பின்னர் மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் என்னை அணுகினார். "சுவாமி, பிள்ளையின்ர கை பிழையாம். மூண்டு வருசமாப் பியானோ பழகிறாள். இப்பதான் கை பிழை எண்டு சொல்லுகினம்" என்றார். பிள்ளைக்குப் பதினொரு வயது. இரு கைகளையும் குளிரங்கியின் கைகளுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு தாயின் பின்னால் நின்றாள். அவள் விரல்களை வளைக்காமல், ஏறத்தாழ நீட்டியபடியே வாசிப்பவள். புதிதாக வந்த ஆசிரியர், விரல்கள் ஒரு தோடம்பழத்தைப் பற்றியதுபோல் வளைந்திருக்க வேண்டும் என்றும், அந்த நிலை கைவரும்வரை பாடல் எதுவும் இல்லை, அப்பியாசம் மட்டுமே என்றும் விதித்துவிட்டாராம். இரவு வேலைக்குச் சென்று பாடக் கட்டணம் செலுத்தும் தாய்க்கு, மூன்று ஆண்டுகள் வீணாயின என்ற வேதனை. பிள்ளைக்கோ தன் கையே தனக்குப் பகையானது போன்ற கூச்சம்.

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. குருமடத்தில் ஆர்மோனியம் பழகியவன். அதுவும் பக்கத்தில் பாடுவோர் பொறுமைசாலிகளாக இருந்ததால் தப்பியவன். ஆயினும் "பிழையான கை" என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. கைக்குச் சரி, பிழை என்று விதித்தவர்கள் யாவர்? எப்போது விதித்தனர்? இதைத் தேடப் புகுந்தபோது, நான் நாள்தோறும் கடந்துசெல்லும் ஊர்களுக்கே அந்த வரலாறு என்னை அழைத்துவந்தது.

முதலில் நம் மொழியைப் பார்ப்போம். சமையலுக்குக் கைப்பக்குவம் என்கிறோம். சிற்பத்துக்குக் கைவண்ணம், மருத்துவருக்குக் கைராசி, எழுதுவோருக்குக் கையெழுத்து என்கிறோம். ஒரே அரிசி, ஒரே புளி, ஒரே அடுப்பு. ஆயினும் அம்மா வைத்த குழம்பு வேறு, அத்தை வைத்த குழம்பு வேறு என்பதை நாவு உடனே அறிகிறது. "பாணி" என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். பழைய நூல்களில் அதற்குக் கை என்றும், தாளம் என்றும், இசைப்பாட்டு என்றும் பொருள் உண்டு. இன்று நாம் அதனைத் தனிப்பட்ட நடை என்ற பொருளில் வழங்குகிறோம். தஞ்சாவூர்ப் பாணி, மைசூர்ப் பாணி என்று வீணை வாசிப்போர் பிரித்துரைப்பர். இவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே எழுத்தில் கலந்த சொற்களாக இருக்கலாம். ஆயினும் கையையும் நடையையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழியில் பிறந்தவனுக்கு, எல்லாக் கைகளும் ஒன்றுபோல் அசைய வேண்டும் என்ற விதி சற்று அந்நியமாகவே படுகிறது.

ஐரோப்பாவில் அவ்விதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு கருவியே சாட்சி. ஜேர்மனியின் கசலில் பிறந்து அயர்லாந்தின் டப்ளினில் இசை கற்பித்த யோகான் பேர்ன்ஹார்ட் லோஜியர் என்பவர் 1814இல் "கைரோபிளாஸ்ட்" என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கையை உருவாக்குவது என்பதே அப்பெயரின் பொருள். விசைப்பலகைக்கு முன்னால் இரு சட்டங்கள் பொருத்தப்படும். மணிக்கட்டு அவற்றுக்கு இடையில் அடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை உண்டு. விரல் மேலும் கீழும் போகலாம். பக்கவாட்டில் நகர இயலாது. பல மாணவர்கள் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே அப்பியாசத்தை வாசிக்கும் வகுப்புகளை லோஜியர் நடத்தினார். அக்காலம் நெசவாலைகளின் காலம் என்பதை நாம் மறக்கலாகாது.

பாரிசில் பெரும்புகழ் பெற்றிருந்த கால்க்பிரென்னர் அக்கருவியை எளிதாக்கி, மணிக்கட்டைத் தாங்கும் ஒரு சட்டமாக மாற்றினார். 1831இல் போலந்திலிருந்து பாரிசுக்கு வந்த இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் அவரைச் சந்தித்தான். மூன்று ஆண்டுகள் தன்னிடம் கற்றால் சிறந்த கலைஞன் ஆகலாம் என்றார் கால்க்பிரென்னர். அந்த இளைஞன் பெயர் பிரெடெரிக் ஷோப்பான். அவன் மரியாதையுடன் மறுத்தான். ஆனால் தன் முதலாவது பியானோ கொன்சேர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினான். மறுப்பதற்கும் ஒரு பண்பாடு வேண்டும் என்பதை நம் இளையோர் இவனிடம் கற்கலாம்.

எல்லோரும் அப்படித் தப்பவில்லை. ஜேர்மனியின் லைப்சிக் நகரில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ரொபேர்ட் ஷூமன் தம் வலக்கையின் நடுவிரலுக்கு வலிமையூட்ட ஒரு பொறியைப் பயன்படுத்தினார். அந்த விரல் நாளடைவில் அவருக்குக் கட்டுப்படாமல் போயிற்று. பொறிதான் காரணமா, அன்றி நரம்பு சார்ந்த வேறொரு நோயா என்று மருத்துவர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும், மேடைக் கலைஞராக வேண்டும் என்ற அவரது கனவு இருபத்திரண்டு வயதளவில் முடிந்துபோயிற்று. அவர் இசையமைப்பாளராக மாறியது உலகுக்கு நன்மை என்று சிலர் எழுதுவதை வாசித்திருக்கிறேன். அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் அவ்வாறு எண்ணினாரா?

இதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. மோதிர விரலைத் தனியே உயர்த்துவது கடினம் என்பதை நீங்களே சோதித்தறியலாம்: உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலை உயர்த்திப் பாருங்கள். புறங்கையில் விரல் நாண்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு பட்டைகளே அதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பட்டைகளைக் கத்தியால் அறுத்து மோதிர விரலை "விடுவிக்க" முற்பட்ட அறுவை மருத்துவர்களும், அதற்குக் கையை நீட்டிய பியானோக் கலைஞர்களும் இருந்தனர். இறைவன் பிணைத்ததைப் பிரிக்காதிருக்கச் சொல்லும் வாசகம் திருமணத்துக்கு மட்டும் உரியதல்ல என்று அப்பகுதியை வாசித்தபோது எண்ணிக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? இதற்கு வாத்தியத்தின் வரலாற்றிலும் விடை உண்டு. மோற்சார்ட் காலத்து வியன்னாப் பியானோவின் விசைகள் மிக இலகுவானவை. அவை ஆழமாக இறங்குவதும் இல்லை. அங்கே கை அசையாமல் இருக்க, விரல் மட்டும் வேலை செய்தால் போதும். புறங்கையில் நாணயத்தை வைத்து, அது விழாமல் வாசிக்கப் பழக்கும் முறை அந்த மரபிலிருந்தே வந்தது. பின்னர் வாத்தியம் மாறியது. 1821இல் பாரிசின் எரார்ட் நிறுவனம் ஒரே சுரத்தை விரைவாக மீட்டும் இரட்டை விடுப்புப் பொறியமைப்பைக் கொண்டுவந்தது. இரும்புச் சட்டகம் வந்தது; சுத்தியல்கள் பருத்தன. இன்றைய பெரும் பியானோவில் ஒரு விசையை அழுத்த ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். விசை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இறங்கும். வாத்தியம் மாறிய பின்னரும் பாடம் மாறவில்லை. ஸ்ருட்கார்ட் இசைக் கல்லூரியின் லேபேர்ட், ஸ்டார்க் ஆகியோர் 1850களின் இறுதியில் வெளியிட்ட பெரும் பாடநூல், விரலைச் சுத்தியல்போல் உயரத் தூக்கி அடிக்கக் கற்பித்தது. அது ஐரோப்பாவெங்கும் அமெரிக்காவிலும் பரவியது. கூடவே கைவலியும் பரவியது. 1885இல் லுட்விக் டெப்பே என்ற ஆசிரியர் பியானோ வாசிப்போரின் கைநோய்கள் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுத நேர்ந்தது.

இந்தக் காலத்துக்குரிய எதிர்க்குரலும் நம் சுவிற்சர்லாந்து மண்ணோடு தொடர்புடையதே. ஷோப்பான் ஒரு பியானோப் பாடநூல் எழுதத் தொடங்கி, முடிக்காமல் சில தாள்களை மட்டும் விட்டுச் சென்றார். அவை பின்னாளில் அல்பிரெட் கொர்த்தோ என்ற கலைஞரின் கைக்கு வந்தன. கொர்த்தோ 1877இல் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள நியோனில் பிறந்தவர்; 1962இல் லோசானில் மறைந்தவர். அத்தாள்களில் ஷோப்பான் கூறுவதன் சாரம் இது: ஒவ்வொரு விரலும் வெவ்வேறு அமைப்புடையது, ஆகவே வெவ்வேறு வலிமையுடையது. பெருவிரல் தடித்தது, சுண்டுவிரல் கையின் எல்லையில் நிற்பது, மோதிர விரல் பலம் குன்றியது. இவற்றைச் சமப்படுத்தப் பாடுபடுவதைவிட, ஒவ்வொரு விரலுக்கும் உரிய தொனியை வளர்ப்பதே நல்லது. அவர் தம் மாணவர்களுக்கு வெள்ளை விசைகள் மட்டுமே வரும் சுரவரிசையை முதலில் கற்பிக்கவில்லை. அதனையே கடினமானது என்றார். நீளமான விரல்கள் கறுப்பு விசைகளிலும், குறுகிய விரல்கள் வெள்ளை விசைகளிலும் இயல்பாக அமரும் வரிசையையே முதலில் வைத்தார். அதாவது, வாத்தியத்துக்கேற்பக் கையை வளைக்காமல், கைக்கேற்ற இடத்தை வாத்தியத்தில் தேடினார்.

கொர்த்தோவும் வேடிக்கையான மனிதர்தான். அவரது வாசிப்பில் தவறான சுரங்கள் தாராளமாக உதிரும். ஆயினும் இரண்டு அடிகள் கேட்டாலே இது கொர்த்தோ என்று சொல்லிவிடலாம். அத்தகையவர் 1928இல் நாள்தோறும் செய்ய வேண்டிய விரற்பயிற்சிகள் அடங்கிய ஒரு பாடநூலை வெளியிட்டார். மனிதர் தமக்கு ஒரு நீதியும் மாணவருக்கு ஒரு நீதியும் வைப்பது இசையுலகில் மட்டுமா?

ஜெனீவாவிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1835இல் அங்கே இசைக் கல்லூரி தொடங்கியபோது இருபத்துநான்கு வயது லிஸ்ட் அதில் பியானோ கற்பித்தார். மாணவர்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்பேடு எஞ்சியுள்ளது. ஒரு மாணவியின் முறை பிழையானது, முகச் சுளிப்பும் உடல் முறுக்கமும் மிகுதி என்று அதில் குறை கூறுகிறார். அதே லிஸ்ட் மேடையில் உடலை ஆட்டி, தலைமயிரைச் சிலுப்பி, கைகளை வானுயர எறிந்து வாசிப்பதைக் கேலிச்சித்திரக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வரைந்து பிழைத்தார்கள்! அவருக்குப் போட்டியாளராக விளங்கியவர் ஜெனீவாவை அடுத்த பாக்கியில் 1812இல் பிறந்த தால்பேர்க். அவர் சிலைபோல் அமர்ந்திருப்பார். இரு பெருவிரல்களால் நடுவில் மெட்டை எடுத்துச் செல்ல, மற்ற விரல்கள் மேலும் கீழும் அலையடிக்கும். கேட்போர் மூன்றாவது கை எங்கே என்று தேடுவர். 1837இல் பாரிசில் ஒரே வரவேற்பறையில் இருவரும் வாசித்தனர். ஒருவர் புயல், மற்றவர் கற்றூண். கையசைவில் ஒற்றுமை எதுவும் இல்லை. இருவருமே அக்காலத்தின் உச்சங்கள்.

இனி ஓல்டனுக்கு வருவோம்.

ஓல்டனிலிருந்து ஆராவ் நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் ஷோனென்வேர்ட் வரும். பாலி பாதணிகள் பிறந்த ஊர். அதனை அடுத்து, ஆரே ஆற்றுக்கு மேலாகக் குன்றின்மீது எப்பென்பெர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. நம் ஓல்டன் மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1852 ஜூன் 28ஆம் திகதி அங்கே ஹான்ஸ் ஹூபர் பிறந்தார். கீழே ஊரில் எல்லாக் கால்களுக்கும் அளவு வகுத்துப் பாதணி செய்யும் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்த காலம். மேலே குன்றில் இந்தக் குழந்தை. 1870இல் ஹூபர் லைப்சிக் இசைக் கல்லூரிக்குச் சென்று நான்கு ஆண்டுகள் கற்றார். ஷூமனின் விரல் செயலிழந்த அதே நகரம். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் கார்ல் ரைனெக்கே. மோற்சார்ட்டை வாசிப்பதில் பெயர்பெற்றவர், கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் நடத்துநர்.

ஹூபர் பின்னர் பாசலில் குடியேறினார். 1896இல் அந்நகர இசைப் பள்ளியின் இயக்குநரானார். 1905இல் அதனோடு இணைந்த இசைக் கல்லூரியை உருவாக்கினார். சிம்பொனிகளும் பியானோ கொன்சேர்ட்டோக்களும் எழுதினார். அவற்றை இன்று மிகச் சிலரே வாசிக்கின்றனர். பாசலில் ஓர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1921 கிறிஸ்து பிறப்பு நாளன்று லொகார்னோவில் மறைந்தார். இத்தனை பணிகளுள்ளும் வரலாறு அவரை நினைவிற்கொள்வது பெரும்பாலும் ஒரு மாணவனுக்காகவே.

அந்த மாணவன் எட்வின் பிஷர். 1886இல் பாசலில் பிறந்தவர். தந்தை இசைக்குழுவில் ஓபோ வாசித்தவர். மகன் சிறுவனாக இருக்கையிலேயே இறந்துவிட்டார். ஹூபரிடம் கற்ற பின்னர் 1904இல் பிஷர் தாயுடன் பெர்லின் சென்று, லிஸ்டின் மாணவரான மார்ட்டின் கிரவுசவிடம் பயின்றார். பாக்கின் நாற்பத்தெட்டு முன்னிசைகளையும் பியூகுகளையும் பியானோவில் முதன்முதலாக முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் பிஷரே. 1933 முதல் 1936 வரை லண்டனில் அப்பணி நடந்தது. அவரது வாசிப்பிலும் தவறான சுரங்கள் உண்டு. ஒலிவாங்கி அவரை நடுங்கவைத்தது. ஆனால் அவரது மெல்லொலியை, ஒரு சுரம் மற்றொன்றினுள் கரையும் அந்தத் தொடுகையை, அவருக்குப் பின் வந்த துல்லியமான விரல்கள் எத்தனை எட்டின என்பது கேள்வியே.

இரண்டாம் உலகப் போரின்போது பிஷர் தாயகம் திரும்பினார். 1945 முதல் லுட்சேர்னில் கோடை வகுப்புகள் நடத்தினார். ஓல்டனிலிருந்து லுட்சேர்னுக்கு முக்கால் மணி நேரமும் ஆகாது. அன்று அவரிடம் கற்க ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் ஓல்டன் சந்தியில் ரயில் மாறியிருப்பார்கள் என்று எண்ணுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. பவுல் படுரா ஸ்கோடா வந்தார். அல்பிரெட் பிரெண்டல் வந்தார். முன்னவர் பழைய வாத்தியங்களைச் சேகரித்து, அவற்றின் இலகுவான விசைகளில் பழைய கையசைவைத் தேடியவர். பின்னவர், 2025இல் மறைந்தவர், பதினாறு வயதுக்குப் பின் நிலையான ஆசிரியர் எவரும் இன்றித் தாமே தம்மைச் செப்பனிட்டவர்; நகங்களைக் காக்க விரல் நுனிகளில் ஒட்டுப்பட்டி சுற்றி வாசித்தவர். இருவரும் பிஷரைத் தம் வாழ்நாளெல்லாம் போற்றினர். இருவரும் பிஷரைப்போல் வாசிக்கவில்லை. ஒருவரைப்போல் மற்றவரும் வாசிக்கவில்லை. ஓர் ஆசிரியருக்கு இதைவிட உயர்ந்த சான்றிதழ் எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இயற்பியலறிந்தவர்கள் சிரித்துக்கொண்டு கேட்பார்கள்: பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொடும் கணத்துக்கு முன்னரே விசையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது, அதன் வேகம் ஒன்றே ஒலியைத் தீர்மானிக்கிறது. அவ்வாறாயின் விரலால் அழுத்தினால் என்ன, குடை நுனியால் அழுத்தினால் என்ன? பிரித்தானிய அறிஞர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1937இல் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தை முன்வைத்தார். தனி ஒரு சுரத்துக்கு இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் எவரும் தனி ஒரு சுரத்தை வாசிப்பதில்லை. முதற் சுரத்துக்கும் இரண்டாம் சுரத்துக்கும் இடையிலான கால அளவு, ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு உரக்க ஒலிக்கிறது, ஒன்று மறையும் முன் மற்றொன்று எவ்வளவு தழுவுகிறது, மிதியை எப்போது விடுவது என்ற ஆயிரம் உறவுகளில்தான் பாணி பிறக்கிறது. அந்த உறவுகளை ஈனுவது கையின் பாதை. நீண்ட சுண்டுவிரல் உடையவன் ஒரு தாவலைச் செய்யும் விதம் வேறு. எட்டுச் சுர இடைவெளியை எட்டிப்பிடிக்கச் சிரமப்படும் சிறு கை செய்யும் விதம் வேறு. விசைப்பலகையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர்; பெரிய ஆண் கைகளுக்கு எளிது, பல பெண்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடினம். சிறிய கைகளையுடைய யோசெப் ஹொப்மன் என்ற மாபெரும் கலைஞருக்காக ஸ்ரைன்வே நிறுவனம் சற்றே ஒடுங்கிய விசைகளுடன் பியானோ செய்து கொடுத்தது. அவருக்காக வாத்தியம் குறுகியது. ஏனையோருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் தம் கைக்கேற்ற வழியைக் கண்டறிந்தே ஆக வேண்டும்.

இந்த உறவுகளைப் பதிவுசெய்ய முடியுமா? முடியும் என்றது வெல்ரே நிறுவனம். பாசலுக்கு அப்பால், ஜேர்மனியின் பிறைபூர்க் நகரில், எட்வின் வெல்ரேயும் கார்ல் பொக்கிஷும் 1904இல் "வெல்ரே மின்யோன்" என்ற பொறியை வெளியிட்டனர். கலைஞர் வாசிக்கும்போது ஒவ்வொரு விசையும் மின்தொடர்பை உண்டாக்கி, ஓடும் தாளில் தன் தடத்தைப் பதிக்கும். அதைக்கொண்டு துளையிட்ட தாட்சுருள் செய்யப்படும். பின்னர் காற்றின் உறிஞ்சு விசையால் அச்சுருளை வாசிக்கும் பெட்டியொன்றை எந்தப் பியானோவின் முன்னாலும் தள்ளி வைக்கலாம். அதன் கம்பளி வேய்ந்த 80 "விரல்கள்" விசைகளை அழுத்தும். மனிதரில்லாமல் மனிதரின் வாசிப்பு. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அது எவ்வளவு உண்மையாகப் பிடித்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காலக் கணக்கை அது நன்றாகவே பிடித்தது.

ஹூபரின் ஆசிரியர் ரைனெக்கே, எண்பது வயதைக் கடந்த நிலையில் அப்பொறியின் முன் அமர்ந்தார். 1824இல் பிறந்த அவரே, வாசிப்பு எவ்வகையிலாவது நமக்கு எஞ்சியுள்ள பியானோக் கலைஞர்களுள் பிறப்பால் மூத்தவர் என்பர். மோற்சார்ட்டின் ஒரு மெதுவான பகுதியை அவர் வாசித்துள்ளார். அதைக் கேட்டால் இன்றைய பரீட்சகர் பேனாவை எடுத்துவிடுவார். இடக்கை முந்துகிறது, வலக்கை பிந்துகிறது. ஒன்றாக ஒலிக்க வேண்டிய சுரங்கள் வீணைத் தந்திகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன. சமமாக எழுதப்பட்டவை சமமாக வரவில்லை. இது முதுமையின் தள்ளாட்டமன்று. ஒரு தலைமுறையின் இயல்பான பேச்சு. லைப்சிக்கின் கண்டிப்பான பேராசிரியர் என்று பெயரெடுத்தவரே இப்படித்தான் வாசித்தார். 20ஆம் நூற்றாண்டின் கல்லூரிகள் அதனைப் பிழை என்று திருத்தி அழித்தன.

ஆகவே, பிள்ளையின் கை சரியா பிழையா? ஆசிரியர் மீது முழுக் குற்றமும் சுமத்த நான் தயாரில்லை. வலி வந்தால் அது பிழை. தோள் இறுகினால், மணிக்கட்டு பூட்டிக்கொண்டால் அது பிழை. அதைக் காணும் கண் ஆசிரியருக்கே உண்டு; எனக்கும் தாய்க்கும் இல்லை. ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறார் அல்லவா? அந்தப் பிடி இல்லாமல் எவரும் எழுதத் தொடங்குவதில்லை. ஆனால் விரல் நீட்டியிருப்பது மட்டும் பிழையன்று. ஷோப்பான் மாணவர்கள் ஏறத்தாழ அவ்வாறே வாசித்தனர். 20ஆம் நூற்றாண்டின் பெருங்கலைஞர் ஹொரோவிட்ஸ் விரல்களை நீட்டி, சுண்டுவிரலை மட்டும் நத்தைபோல் சுருட்டி வைத்துக்கொண்டு வாசித்தார். வேறெவரும் பின்பற்றக் கூடாத முறை, அவருக்கு மட்டும் பொருந்திய முறை. பழைய வழிபாட்டு முறையில் குருவானவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் எப்போது சேர்க்க வேண்டும், எப்போது பிரிக்க வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. அவ்விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த முதிய குருக்கள் பலரை என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். தூரத்திலிருந்து முகம் தெரியாவிட்டாலும், கைகளைக் கொண்டே யார் என்று சொல்லிவிடுவோம்.

தாயிடம் நான் சொன்னது சுருக்கமானது: பிள்ளைக்குக் கை நோகிறதா என்று முதலில் கேளுங்கள், நோகவில்லை என்றால், அப்பியாசத்தோடு ஒரு பாடலையாவது விட்டுவைக்குமாறு ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். அவர் கேட்டார். ஆசிரியர் ஒரு பாடலுக்கு இணங்கினார். கைநிலை பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

சென்ற சனிக்கிழமை நாங்கள் மூவரும் ரயிலிலும் பேருந்திலுமாக, நம் சொலத்தூண் மாநிலத்திலேயே உள்ள சேவன் என்ற கிராமத்துக்குச் சென்றோம். அங்கே தானியங்கி இசைக் கருவிகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது; ஹைன்ரிச் வைஸ் என்பவர் தம் வாழ்நாள் சேகரிப்பை 1990இல் நாட்டுக்கு அளித்ததால் நிலைத்தது. வழிகாட்டிப் பெண்மணி ஒரு தாட்சுருளைப் பொருத்தினார். ஆளில்லாத பியானோவில் விசைகள் தாமாக இறங்கி எழுந்தன. பிள்ளை குளிரங்கியின் கைகளை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, விசைகளைத் தொடாமல், அவற்றுக்கு ஒரு விரற்கடை உயரத்தில் தன் கைகளை ஓடவிட்டாள். சில இடங்களில் எட்டியது; சில இடங்களில் எட்டவில்லை. பாடல் முடிந்ததும் வழிகாட்டியிடம் ஜேர்மன் மொழியில் ஏதோ கேட்டுவிட்டு, எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னாள்: "இந்த இடத்த அவர் எந்த விரலால வாசிச்சவர் எண்டு கேட்டனான், சுவாமி. அது பேப்பரில இல்லையாம்."